கைப்பைக்குள்ள ஒரு குட்டித் துப்பாக்கி... தஞ்சாவூர்ல இது நடக்குமா பாஸ்?

உங்கள் ஃபீடிலும் வந்திருக்கும். அமெரிக்க அக்கா ஒருத்தர் ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாக நிற்பார். 'என்கிட்ட துப்பாக்கி எங்கே இருக்கு, கண்டுபிடிங்க' என்பார். நாம் தேடித் தேடி ஏமாந்த பிறகு, இடுப்பிலிருந்து உள்ளங்கை அளவு பிஸ்டலை எடுத்துக் காட்டுவார். லட்சக்கணக்கில் லைக்ஸ்.

அதைப் பார்த்துவிட்டு போனைக் கீழே வைக்கும்போது நமக்கும் ஒரு யோசனை வரும். கும்பகோணத்தில் வேலை முடித்து, ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்கூட்டியில் திருப்பனந்தாள் பக்கம் திரும்பிப் போகிறவருக்கு அது இன்னும் அழுத்தமாக வரும். சோழபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். தெருவிளக்கு இருக்கும் இடம் கொஞ்சம், இல்லாத இடம் நிறைய. கழுத்தில் செயின். பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டாலே முதுகு விறைக்கும். 'நம்மகிட்டயும் சின்னதா ஒண்ணு இருந்தா?'

கேள்வியில் தப்பே இல்லை. நியாயமான பயத்திலிருந்து வரும் கேள்வி. ஆனால் அந்த ரீல்ஸ் வேறு நாட்டுச் சட்டத்தில் எடுக்கப்பட்டது. நம்ம ஊரில் என்ன வாங்க முடியும், யாரால் முடியும், வாங்கினால் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? பார்த்துவிடுவோம்.

முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை கிடையாது. உரிமம் இல்லாத ஆயுதங்கள் பற்றிய வழக்கு ஒன்றில், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பது போன்ற உரிமை இங்கே யாருக்கும் இல்லை என்பதுதான் அதன் சாரம்.

இங்கே எல்லாம் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படியும், 2016-ம் வருட ஆயுத விதிகள்படியும்தான். 21 வயது முடிந்திருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை போன்ற மாவட்டங்களில் உரிமம் கொடுக்கும் அதிகாரி கலெக்டர். சென்னை, திருச்சி மாதிரி மாநகரக் காவல் எல்லையில் போலீஸ் கமிஷனர். விண்ணப்பம் போலீஸ் விசாரணைக்குப் போகும். உங்கள் மேல் வழக்கு இருக்கிறதா, அக்கம்பக்கத்தில் பேர் எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள். உடல்நலம், மனநலம் இரண்டுக்கும் மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்க வீட்டில் வசதி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எடுத்ததற்குச் சான்றும் உண்டு.

இதெல்லாம் பேப்பர் வேலை. ஓடியாடினால் முடிந்துவிடும். பெரும்பாலான விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். 'உனக்கு எதுக்கு?' என்ற கேள்வியில்.

சட்டத்தின் 13-வது பிரிவு துப்பாக்கிகளை இரண்டாகப் பிரிக்கிறது. நீளமான குழல் உள்ள சாதாரண வேட்டைத் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பதும், பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கேட்பதும் ஒரு வகை. இதில் சட்டம் கொஞ்சம் தாராளம். ரிவால்வர், பிஸ்டல் மாதிரி கைத்துப்பாக்கி இரண்டாவது வகை. இதற்கு 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். 2016 விதிகள் இதை இன்னும் விளக்குகின்றன. தொழில் அல்லது வேலையின் தன்மையால் உண்மையிலேயே தேவை உள்ளவர், தீவிரமான துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர், ராணுவம், துணை ராணுவம், போலீஸில் இருப்பவர் அல்லது இருந்தவர்... இப்படி.

'ராத்திரி ரோட்டுல பயமா இருக்கு' என்பது நமக்கு நூறு சதவிகிதம் உண்மையான காரணம். ஆனால் ஃபைலில் அது பொதுவான பயமாகத்தான் பதிவாகும். குறிப்பிட்ட மிரட்டல், அதற்கான போலீஸ் புகார், தினமும் பெரிய தொகையோ நகையோ எடுத்துப்போகும் தொழில் என்று கையில் எதையாவது காட்ட முடிந்தால்தான் விண்ணப்பம் நகரும். ஒரு காலத்தில் டெல்டாவில் 'நெல் வித்த காசைக் கையில எடுத்துட்டு வர்றோம்' என்பதை ஒரு காரணமாகச் சொல்ல முடிந்தது. இப்போது அரசு கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் நேரே பேங்க் அக்கவுன்ட்டுக்கு வந்துவிடுகிறது. அந்தக் காரணமும் போச்சு.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் ஏழைக்குப் பக்கம். சொத்து போதுமான அளவு இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு சொல்கிறது. மறுத்தால் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. 'மிராசுதாருக்கு மட்டும்தான் துப்பாக்கி' என்ற பழைய நினைப்பு சட்டத்தில் இல்லை. நடைமுறையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கதை.

இந்த 'காரணம் சொல்லு' ஏற்பாடு நமக்கு மட்டும் ஆனதும் இல்லை. நியூயார்க் மாகாணத்திலும் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போகத் தனிப்பட்ட காரணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று அடித்துவிட்டது. ரீல்ஸ் உலகத்துக்கும் நம்ம உலகத்துக்கும் நடுவில் இருக்கும் மதில் சுவர் இதுதான்.

காந்தி கேட்ட லைசென்ஸ்

இங்கே ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். இந்தியர்கள் துப்பாக்கி வைக்க உரிமம் வாங்க வேண்டும் என்று கறாராக்கியது 1878-ம் வருடச் சட்டம், வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. இந்த அவமானம் பல வருடம் உறுத்திக்கொண்டே இருந்தது. 1930 ஜனவரியில் காந்தி ஆங்கில அரசுக்கு முன்வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரி நீக்கம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். அதே பட்டியலில், மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சை மூர்த்தியா என்று ஆச்சர்யமாக இருக்கிறதல்லவா? அவர் கேட்டது சமமாக நடத்து என்பதை. அந்த ஏப்ரலில்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக நம் டெல்டாவைக் குறுக்கே கடந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்.

இன்னொன்று. காவிரி பிறக்கும் குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் வாங்குவதிலிருந்தே விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் கொடுத்த சலுகை. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நாம் ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் டிராக்டருக்கும் பொட்டு வைப்பதுபோல, அவர்கள் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைப்பார்கள். ஆறு ஒன்றுதான். தலைக்காவிரியில் ஒரு சட்டம், பூம்புகாரில் ஒரு சட்டம்.

யூடியூப் ஹீரோ இங்கே ஏன் கிடைக்காது?

சரி, ஒருவருக்கு உரிமம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரில் தம்பிக்கு மிரட்டல் வந்த நகைக்கடைக்காரரோ, ஓய்வுபெற்ற ராணுவ அண்ணனோ, யாரோ ஒருவர். அவர் எதை வாங்குவார்?

ரீல்ஸில் வரும் சிக் சாவர் பி365, குளாக் 43 எல்லாம் 9 எம்.எம் ரகம். இந்தியாவில் அது 'தடைசெய்யப்பட்ட போர்'. (போர் என்றால் சண்டை இல்லை, குழல் துளையின் அளவு!) ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா சாதாரண ஆட்கள் கையில் புழங்கக் கூடாது என்ற ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு இன்னும் தொடர்கிறது. 9 எம்.எம், .38, .455 எல்லாம் அந்தப் பக்கம். உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் இருப்பவர்களுக்கு மத்திய அரசு வழியாக அபூர்வமாகக் கிடைக்கலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் .32, .22 தான். போதாக்குறைக்கு, 1980-களிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கியைக் கடைக்காரர்கள் இறக்குமதி செய்து விற்கவும் வழி இல்லை. அதனால்தான் தாத்தா காலத்து வெப்லி, வால்தர் எல்லாம் பழசாக ஆக விலை ஏறுகின்றன.

மிச்சம் இருப்பது உள்நாட்டுச் சரக்கு. இதில் பெயர் வாங்கியது 'நிர்பீக்'. 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் 'பெண்களுக்கான ரிவால்வர்' என்ற அடையாளத்தோடு கான்பூர் அரசுத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. நிர்பயா என்ற பெயரை ஒட்டியே வைத்த பெயர். .32 அளவு, ஆறு தோட்டா, டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் அரை கிலோ. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கனம். விலை? அப்போதே ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும் எந்தப் பெண்ணை மனதில் வைத்து இந்த விலையைப் போட்டார்கள் என்று அப்போதே பலர் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். பாதுகாப்பு யாருக்கு ரொம்பத் தேவையோ அவருடைய பல மாதச் சம்பளம் அது.

அடுத்த வருடமே 'நிடர்' வந்தது. மேற்கு வங்கத்தின் ஈசாப்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பு. .22 அளவு, சுமார் 250 கிராம், விலை 35 ஆயிரத்தை ஒட்டி. 2023 ஆகஸ்ட்டில் கான்பூரிலிருந்து 'பிரபல்' என்ற .32 ரிவால்வர், எடை சுமார் 700 கிராம். பிஸ்டல் வேண்டும் என்பவர்களுக்கு 'அசானி'. உத்தரப்பிரதேசத்தின் ஹர்தோயில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி இங்கேயே ரிவால்வர் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. நமக்குப் பக்கத்திலேயே திருச்சியில் 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே என்பீர்கள். அது பேர் வாங்கியது படைகளுக்கான பெரிய ரைஃபிள்களில்.

சின்னதாக இருந்தால் சுலபமா?

இங்கேதான் எல்லோரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். துப்பாக்கி சிறுசாக, லேசாக இருந்தால் கையாள்வது சுலபம் என்று நினைப்போம். நேர் எதிர். தோட்டா பின்னால் தள்ளும் விசையைத் தாங்குவது துப்பாக்கியின் எடைதான். எடை குறைந்தால் அந்த உதை முழுக்க உங்கள் மணிக்கட்டுக்கு வரும். குழல் குட்டையானால் குறி பார்க்கும் தூரமும் குறையும். கைப்பிடி சிறிதானால் சுண்டுவிரல் பிடிக்க இடமே இருக்காது. மறைத்து வைக்க எது வசதியோ அதுதான் சுடுவதற்குக் கஷ்டம். எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாத இயற்பியல் இது.

ரிவால்வரா, பிஸ்டலா என்பதிலும் அப்படித்தான். ரிவால்வர் எளிமையான இயந்திரம். மாசக்கணக்கில் தொடாமல் வைத்து எடுத்தாலும் வேலை செய்யும். ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது சுற்றி வரும். ஆனால் அந்த விசை கனமானது. இழுக்கிற இழுப்பில் குழலே ஒரு பக்கம் சாயும். பிஸ்டல் தட்டையாக இருப்பதால் உடம்போடு ஒட்டும், விசையும் லேசு. ஆனால் தோட்டா சிக்கினால் சரிசெய்யக் கை பழகியிருக்க வேண்டும். சுடப் பழகாதவருக்கு, பாதுகாப்புப் பூட்டைத் திறக்க மறந்துபோவதும் பெரிய ஆபத்து. முதல்முறை வாங்குபவருக்கு ரிவால்வர்தான் சரி என்று அனுபவஸ்தர்கள் பலரும் சொல்வது அதனால்தான்.

குறி பற்றி நம் சினிமா சொல்லித்தந்ததையெல்லாம் மறந்துவிடுங்கள். 1967 ஜனவரி 12, ராமாபுரம் தோட்டம். ஒரே அறைக்குள், சில அடி தூரத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேருமே பிழைத்தார்கள், பல வருடம் வாழ்ந்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல்தான் பழையபடி திரும்பவில்லை. கைத்துப்பாக்கி அவ்வளவு நிச்சயமில்லாத கருவி.

மறைத்து வைப்பது இங்கே ஸ்டைல் இல்லை, சட்டம்!

பலருக்கும் தெரியாத விஷயம் இது. அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போவதா, வெளியே தெரியும்படியா என்று மாகாணத்துக்கு மாகாணம் சண்டை. இந்தியாவில் அந்த விவாதமே இல்லை. 2016 விதிகளின் 32-வது விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துப்போனால் அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றுக்குள் இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எந்த நேரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினால் உரிமமே போகும்.

அப்படியானால் கல்யாண மண்டபத்தில் சட்டையைத் தூக்கி 'இருக்கு பார்த்தியா' என்று காட்டுவது? கூடாது. இன்ஸ்டாவில் மாமாவின் ரிவால்வரோடு மாஸ் பி.ஜி.எம் போட்டு ஸ்டோரி? கூடவே கூடாது. அது மாமாவின் உரிமத்துக்கு வேட்டு. உங்கள் பெயரில் உரிமம் இல்லாததால் உங்களுக்கும் வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சமே 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. 'பிஹார்லேர்ந்து கம்மி விலைக்கு ஒண்ணு வருது தம்பி' என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் பண்ணிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சரி, உரிமம் உள்ளவர் எங்கே வைப்பார்? இடுப்பு உறைதான் உலகம் முழுக்க முதல் தேர்வு. விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்கும் தடிமனான பெல்ட், மேலே தொளதொள சட்டை. நம் ஊர் வேட்டிக்கு பச்சை பெல்ட் போடும் பெரியவர்கள் உண்டு. அந்த பெல்ட் பர்ஸுக்குச் சரி. அரை கிலோ இரும்புக்கு இல்லை. உட்கார்ந்து எழுந்தாலே சாயும். உறை இல்லாமல் இடுப்பில் செருகுவதும், பேன்ட் பாக்கெட்டில் சாவியோடு போடுவதும் தற்கொலைக்குச் சமம். விசையில் ஏதாவது மாட்டினால் முதல் குண்டு உங்கள் தொடைக்குத்தான்.

பெண்களுக்கு எல்லோரும் சட்டென்று சொல்வது கைப்பை. எனக்கு இதில் சம்மதமே இல்லை. வழிப்பறிக்காரன் முதலில் பறிப்பதே பையைத்தான். பையோடு துப்பாக்கியும் போனால், செயின் பறித்தவனை ஆயுதம் ஏந்தியவனாக நாமே மாற்றிவிடுகிறோம். தொலைந்ததும் உடனே போலீஸில் சொல்ல வேண்டும். 'கட்டுப்பாட்டில் வைத்திருந்தீர்களா' என்ற விசாரணையும் வரும். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் வீசும் பொருளும் அந்தப் பைதான். அக்கா பிள்ளை சாக்லேட் தேடி முதலில் கைவிடுவதும் அதே பைதான்.

இன்னொரு லோக்கல் தொல்லை, நம்ம வெயிலும் வேர்வையும். கடலோரம் போனால் உப்புக்காற்று வேறு. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வேதாரண்யம் பக்கம் சைக்கிள் ரிம்மே எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அங்கே உள்ளவர்களைக் கேளுங்கள். தினமும் துடைத்து, எண்ணெய் போட்டு, துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் தனியாகப் பூட்டி வைக்கும் ஒழுங்கு இருப்பவருக்குத்தான் இது சரிப்படும்.

எல்லையையும் பார்க்க வேண்டும். உரிமத்திலேயே அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், காரைக்கால் உங்களுக்கு வெளிமாநிலம்! அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறைக்குக் காரைக்கால் வழியாகப் போகிறவர், திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்கப் போகிறவர் எல்லாம் இடுப்பில் துப்பாக்கியோடு போனால், சனி பகவானுக்கு முன்னால் செக்போஸ்ட் போலீஸைப் பார்க்க வேண்டிவரும்.

அந்த ராத்திரி ரோட்டுக்கு வருவோம்

பின்னால் பைக் வருகிறது. உங்கள் இரண்டு கையும் ஹேண்டில்பாரில். அவன் செயினில் கைவைத்து இழுத்துவிட்டுப் போக எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு விநாடி. டென்னிஸ் டியூலர் என்ற அமெரிக்க போலீஸ் பயிற்சியாளர் 1983-ல் எழுதிய கட்டுரை ஒன்று ரொம்பப் பிரபலம். கத்தியோடு ஓடிவருபவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான், பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவே அவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர் சொன்னது. எதிரில் நின்று, ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் போலீஸுக்கே இந்தக் கணக்கு. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் நமக்கு?

அவன் பறித்துக்கொண்டு போய்விட்டான். முதுகு தெரிகிறது. சுடலாமா? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற தாக்குதல்களில் எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூட உங்களைக் காத்துக்கொள்ளலாம். சட்டம் இதில் பெண்கள் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக் கூடாது. அந்த அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும். ஓடுகிறவன் முதுகில் சுட்டால், நீங்கள் புகார்தாரர் என்ற இடத்திலிருந்து குற்றவாளிக் கூண்டுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அஞ்சு பவுன் செயினுக்கு அவ்வளவு விலை வேண்டாம்.

துப்பாக்கி எனக்குத் தேவையில்லை என்று இந்தக் கட்டுரையைப் படிக்கும் நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவர்களுக்கு உரிமமே தேவைப்படாத விஷயங்கள் இருக்கின்றன. போனில் 112. பெண்களுக்கு 181. தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' ஆப், அவசர பட்டனைத் தொட்டால் இருக்கும் இடத்தோடு தகவல் போகும். பெப்பர் ஸ்ப்ரே சில நூறு ரூபாய்தான். அதையும் பையின் அடியில் புதைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும், காலாவதி தேதி பார்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடிக்க வேண்டும். நம் வயல்வெளிக் காற்றில் இது முக்கியம்! செயினை துப்பட்டாவுக்குள் போடுவது, லைவ் லொகேஷனை அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போர் அடிக்கும் அட்வைஸ்தான். ஆனால் வேலை செய்கிற அட்வைஸ். அதைவிட, அந்த ரோட்டில் தெருவிளக்கு கேட்டு ஊராட்சியில் மனு கொடுப்பது இன்னும் நல்லது. அது உங்களுக்குப் பின்னால் வரும் தங்கச்சிக்கும் சேர்த்து எரியும்.

தாத்தாவின் பீரோவில் ஒன்று இருக்கிறதா?

டெல்டா இளைஞர் ஒருவர் நிஜமாகவே துப்பாக்கியைச் சந்திக்க வாய்ப்புள்ள இடம் கடை இல்லை, பழைய வீட்டு பீரோ. மிராசு வீடுகளிலும், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர் வீடுகளிலும் ஒரு இரட்டைக்குழலோ, பழைய ரிவால்வரோ தூங்கிக்கொண்டிருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார்கள். தாத்தா இருக்கும்வரை இது அவர் வேலை.

தாத்தா தவறிய மறுநாள், அந்த உரிமத்தின் கீழ் யாருக்கும் அதிகாரம் இல்லை. காரியம், பத்திரம், பட்டா என்று எல்லாம் நினைவிருக்கும் குடும்பத்தில் இது மட்டும் மறந்துபோகும். இரண்டு வருடம் கழித்து பீரோவைத் திறக்கும் பேரன், சட்டத்தின் கண்ணில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவன். நல்ல எண்ணத்தில் திறந்திருந்தாலும் சிக்கல் சிக்கல்தான்.

செய்ய வேண்டியது சிம்பிள். 21-வது பிரிவுப்படி, தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தோட்டா இருந்தால் அதையும் சேர்த்து. துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பழக்கம் இல்லையென்றால் தொடாமல், ஸ்டேஷனுக்குச் சொல்லி ஆள் வரவழைக்கலாம். குடும்பத்திலேயே வைத்துக்கொள்ள ஆசை என்றால், வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு கலெக்டருக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தாத்தா உயிரோடு இருக்கும்போதேகூட முடியும். அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, அவரே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க 2016 விதிகளில் வழி இருக்கிறது. இந்த வாரம் ஊருக்குப் போனால் தாத்தாவிடம் அந்த லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கடைசியாக எந்த வருடம் புதுப்பித்தார் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.